நான்காம் மூலை ஜாக்கி

என் மேசை இழுப்பறையில் கோடு போட்ட அரைத்தாள் ஒன்று இருக்கிறது. நான்காக மடித்த தடம் இன்னும் மறையவில்லை. ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. எழுத்து என்னுடையது, கறுப்பு மசி, இடப்பக்கம் ஓர் அங்குலம் ஓரம் விட்டு எழுதியது. மொத்தம் பத்து வரிகள். ஜாக்கி வைத்துத் தேரைத் தூக்குவது எப்படி என்பதற்கு ஒன்பது வரி. இறக்குவது எப்படி என்பதற்கு ஒரே வரி. அந்தப் பத்தாவது வரி தேரின் மூன்று மூலைகளுக்குச் சரி, நான்காவது மூலைக்குத் தவறு. அந்த வரியை நம்பிய ஒருவருக்கு வடம் பிடிக்கும் உரிமை போயிற்று. இன்னொருவருக்கு இரண்டு விரல்கள் போயின. விரல்களை என்னால் திருப்பித் தர முடியாது. உரிமையைத் திருப்பித் தர முடியும். நான் வாயைத் திறந்தால் போதும். திறப்பதற்கு எனக்கு முப்பத்தெட்டு நாள் ஆயிற்று.

அப்போது நான் புதுக்கோட்டையில் மராமத்து இலாகாப் பட்டறையின் சாமான் கிடங்கில் எழுத்தர். சமஸ்தான காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இணைந்தபோது வாசல் பலகை மாறியது. உள்ளே அலமாரிகளும் சம்மட்டிகளும் நானும் இருந்த இடத்திலேயே இருந்தோம். எந்தச் சாமான் எந்த அளவு, எந்த வேலைக்குப் போயிற்று, எப்போது திரும்பியது என்று எழுதுவது என் வேலை. எழுதி எழுதி அது வீட்டுப் பழக்கமும் ஆகிவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும்.

சொந்த ஊர் அரிமளத்துக்கு அப்பால். எங்கள் ஊர்த் தேர் அச்சு விரிந்து நான்கு வருஷமாக ஓடாமல் நின்றது. ஓலை வேய்ந்த கொட்டகைக்குள், சக்கரங்கள் பாதி மண்ணில் புதைந்து, நிலையிலேயே நின்றது. இணைப்புக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு தை மாதம், பங்குனித் திருவிழாவுக்குள் பின் அச்சை மாற்றிவிடுவது என்று ஊர் கூடி முடிவு செய்தது. திருமயத்திலிருந்து ஒரு தச்சரை அழைத்து வந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்.

"அச்சு நான் செஞ்சுருவேன். தேரைத் தூக்கி நிறுத்தி, திரும்ப எறக்கிக் குடுக்கறது ஒங்க பொறுப்பு. நான் அடியில கெடப்பேன். அதை மட்டும் நெனப்புல வச்சுக்கங்க."

பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் அவ்வளவு உயரத் தேர் முன்னால் சாயும். நான்கு மூலைகளையும் ஒரே மட்டமாகத் தூக்க வேண்டும். இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் குறுக்கே வந்தது.

எங்கள் ஊரில் நான்கு கரை. கரை என்றால் பங்காளி வீடுகள் சேர்ந்த ஒரு கூட்டம். தேரின் நான்கு மூலைகளும் நான்கு கரைக்கு உரியவை. ஒரு கரையின் சக்கரத்தில் இன்னொரு கரைக்காரர் கை வைக்க மாட்டார். முட்டுக்கட்டை போடுவதும் அப்படித்தான். முன்பெல்லாம் தேரைத் தூக்க வேண்டி வந்தால் கரைக்கு ஒரு பனைமர நெம்புகோல் இருக்கும். மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் நான்கு கோலும் ஒன்றாக அமுங்கும். யாருக்கும் ஓர் அடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இப்போது நெம்புகோலுக்குப் பதில் ஜாக்கி என்று முடிவானதும், ஒரே இடத்தில் ஒரே மாதிரி நான்கு ஜாக்கி இரவல் வாங்கலாம் என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கரைக்கு ஒரு ஜாக்கியை அந்தந்தக் கரையே கொண்டுவரும் என்றார்கள். மேள அடிக்கு ஓர் அடி பம்பு. நான்கு பேருக்கும் சம எண்ணிக்கை.

தூக்குவதற்கு முதல் நாள் காலை ஜாக்கிகள் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தன. முதல் கரையின் ஜாக்கி ஒரு பஸ் கம்பெனியிலிருந்து, இரண்டாம் கரையின் ஜாக்கி ஒரு லாரி ஷெட்டிலிருந்து, மூன்றாவது ஒரு நெல் அரவை ஆலையிலிருந்து. மூன்றும் அடி பருத்த குப்பி வடிவம்; பம்பு அடித்தால் உள்ளே எண்ணெய் தள்ளித் தண்டு மேலே எழும். நான்காவது அப்படி இல்லை. நான்காம் கரையின் முதல் கை ஒரு கடலை விவசாயி. வடத்தின் நுனியை அந்த வீட்டார் பிடித்த பிறகே அந்தக் கரையில் மற்றவர்கள் தொடுவார்கள். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவர் மனைவியின் அண்ணன் மீமிசலில் இரும்புப் பட்டறை வைத்திருந்தார். யுத்தம் முடிந்து ஏலத்தில் போன சாமான்களில் ஒரு சிலிண்டர் வாங்கியிருந்தார். வளைந்த கம்பிகளை நிமிர்த்தவும், இறுகிய ஆணிகளைப் பிடுங்கவும் அதை வைத்திருந்தார். அதைத்தான் மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் கிடத்திக் கொண்டுவந்தார்கள். நீளமான சிலிண்டர், மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய், தனியாக ஒரு கைப்பம்பு.

முதல் கரைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னங்க இது, ஆஸ்பத்திரியில படுத்தவன் மாரி மூக்குல ஒரு குழா, கீழ ஒரு குழா?"

கடலைக்காரர் விடவில்லை.

"ஒங்கது மட்டும் என்னவாம்? சோடா பாட்டிலைக் கொண்டாந்து தேருக்கு அடியில வைக்கப் போறீங்க. கோலிக்குண்டு எங்கிட்டுப் போச்சுனு பாத்துக்கங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நோட்டை எடுத்தேன்.

ஒரு ஜாக்கி ஒரு வேலைக்கு ஆகுமா என்று பார்க்க எனக்கு மூன்று கேள்விகள் பழக்கம். எவ்வளவு பாரம் தாங்கும்? தண்டு எவ்வளவு தூரம் வெளியே வரும்? தண்டு முழுக்க உள்ளே இருக்கும்போது அதன் உயரம் என்ன, தூக்க வேண்டிய பொருளுக்கு அடியில் அது நுழையுமா? மூன்றுக்கும் நான்கு ஜாக்கிகளும் தேறின. நான்காவது மற்றவற்றைவிட உயரம். அதன் மூலையில் மட்டும் ஜாக்கி வைக்கும் குழியைக் கொஞ்சம் ஆழமாக வெட்டி, அடியில் இரும்புத் தகடு போடச் சொன்னேன்.

நான்காவதாக ஒரு சிக்கல் தெரிந்தது. சிலிண்டர்களின் உள்வாய் வேறு வேறு அளவு. ஒரே எண்ணிக்கை பம்பு அடித்தால் ஒரே உயரம் ஏறாது. ஒவ்வொன்றையும் அடித்து எண்ணிப் பார்த்தேன். தண்டு ஓர் அங்குலம் ஏற முதலாவதுக்குப் பன்னிரண்டு அடி, இரண்டாவதுக்குப் பதினான்கு, மூன்றாவதுக்குப் பன்னிரண்டு, நான்காவதுக்கு ஒன்பது. மேளத்துக்குத் தக்கபடி எல்லாரும் சமமாக அடித்தால் நான்காவது மூலை மட்டும் ஓடி ஏறும், தேர் சாயும். அடி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் எந்தக் கரையும் ஒப்பாது. நான் ஒரு மணி நேரம் யோசித்தேன். கடைசியில் ஒவ்வொரு பம்பின் கைப்பிடிக்கும் கீழே ஒரு மரத்துண்டு கட்டி, கைப்பிடி அதற்கு மேல் அமுங்காதபடி செய்தேன். துண்டின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து, நான்கு ஜாக்கிக்கும் பதினாறு அடிக்கு ஓர் அங்குலம் என்று கொண்டுவந்தேன். அடியும் சமம், உயரமும் சமம். ஊர் அம்பலம், அதாவது ஊர்த்தலைவர், முதுகில் தட்டிக் கொடுத்தார். "பரவாயில்லையே, படிச்சவன் படிச்சவன்தான்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் பெருமையில்தான் தவறினேன். நான்காவது ஜாக்கியை அடித்து எண்ணி முடித்து, "ஒன்பது" என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது, வண்டியோடு வந்திருந்த மீமிசல் பட்டறைக்காரர் அதன் தண்டை உள்ளே இறக்கியிருக்கிறார். நான் நிமிர்ந்தபோது தண்டு உள்ளே போய்விட்டிருந்தது. எப்படிப் போயிற்று என்று கேட்கவில்லை. மற்ற மூன்றையும் நானே இறக்கினேன். அடியில் இருக்கும் திருகை இடப்பக்கம் கால் சுற்றுத் தளர்த்தி, மேலே கையால் அமுக்கினால் தண்டு போய்விடும். நான்காவதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். நோட்டில் "குழாய் இரண்டு" என்றுகூட எழுதியிருக்கிறேன். ஒன்று எண்ணெய் போக, ஒன்று எண்ணெய் திரும்ப என்று நினைத்தேன். பட்டறைக்காரர் மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பிறகு தேரடி மண்டபத்தில் உட்கார்ந்து அந்தப் பத்து வரிகளையும் எழுதினேன். நான்கு பிரதி, கரைக்கு ஒன்று. பத்தாவது வரி: "அச்சு பொருந்தியபின் மேளம் மூன்று தட்டித் திரும்பத் தொடங்கியதும், நால்வரும் ஒரே சமயத்தில் திருகை இடப்பக்கம் கால் சுற்றுத் தளர்த்தவும்."

சாயங்காலம் கடலைக்காரர் தாளோடு வந்தார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலைப் பத்தாவது வரியில் வைத்திருந்தார்.

"தம்பி, இதுல திருகுனு போட்டிருக்கு. எங்க மச்சான் ஏதோ கைப்பிடியை அங்கிட்டுத் திருப்பி வச்சுப் பம்பு அடிக்கணும்னு சொன்ன மாரி இருக்கு. எறங்கறதுக்கு எதுக்குங்க பம்பு அடிக்கணும்னு நானும் சரியாக் கேட்டுக்கலை."

"எறங்கறதுக்குப் பம்பு எதுக்குண்ணே? அதான் மேல தேரு ஒக்காந்திருக்கே, அதுவே அமுக்கிரும். நாலுக்கும் ஒண்ணுதான். தாள்ல இருக்கறபடி செய்யுங்க."

"நீங்க சொன்னாச் சரி," என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏற்றம் சரியாகவே நடந்தது. பதினாறு அடிக்கு ஒரு முறை மேளம் நின்றது, தச்சர் நான்கு மூலைகளிலும் மரக்கட்டை வைத்து இறுக்கினார், மறுபடி மேளம். நான் மட்டக்கோலை வைத்து வைத்துப் பார்த்தேன். நான்கு அங்குலம் தூக்கியபோது நான்கு மூலைக்கும் இடையே நெல்மணிப் பருமன்கூட வித்தியாசம் இல்லை. பழைய அச்சை உருவி எடுத்தார்கள். புதியதை நுழைக்க மத்தியானம் ஆயிற்று. இனி மரக்கட்டைகளை எடுத்துவிட்டு இறக்க வேண்டும். தச்சர் நான்காம் மூலைச் சக்கரத்தின் பக்கம் மண்டியிட்டு, கடையாணியை ஒரு கையால் துளையில் பிடித்துக்கொண்டிருந்தார். பாரம் சக்கரத்தில் உட்கார உட்கார அதை உள்ளே தட்ட வேண்டும்.

மேளம் மூன்று தட்டி நின்று மறுபடி தொடங்கியது. மூன்று மூலைகளில் திருகு தளர்ந்தது. மூன்று மூலைகள் இறங்கின. நான்காவது மூலையில் கடலைக்காரர் பம்பின் மேலிருந்த ஒரே திருகைத் தளர்த்தினார். அது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடி. அதைத் திறந்தால் எதுவும் இறங்காது.

"தம்பி! எறங்கலை! இங்கிட்டு எறங்கலை!"

அவர் கத்தியது எனக்குக் கேட்டது. மேளக்காரருக்குக் கேட்கவில்லை. நான் கையை உயர்த்துவதற்குள் தேர் எதிர் மூலைப் பக்கம் முனகியது. தேர் சாயச் சாய, நான்காம் மூலையின் தண்டு நேராக நிற்க முடியாமல் ஒரு பக்கம் தள்ளப்பட்டது. அதன் தலை மரத்தில் வழுக்கியது. அந்த மூலை ஒரே அடியாக விழுந்தது.

தேர் கவிழவில்லை. சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டது. தச்சர் சத்தம் போடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வலது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. கடலைக்காரர் தன் துண்டை அவிழ்த்து அவர் கையில் சுற்றினார். அவரே வண்டி கட்டி, அரிமளம் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நானும் கூடப் போனேன்.

தேரடியில் ரத்தம் விழுந்தால் அது விழுந்த மூலைக்காரர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். இது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். நான்காம் நாள் காலை கோயில் முன் கூடினார்கள். கூட்டத்துக்குப் போகும் முன் கடலைக்காரர் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

"இது ஒங்க கையெழுத்து. நீங்களே வச்சுக்கங்க."

நான் வாங்கிச் சட்டைப் பையில் நோட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

கூட்டத்தில் அம்பலம் கேட்டார்: "மூணு மூலை எறங்குச்சு, ஒங்க மூலை ஏங்க எறங்கலை?"

"என் மூலை, நான்தாங்க நின்னேன்," என்றார் கடலைக்காரர்.

"அது தெரியுது. ஏன் எறங்கலைனு கேக்கறேன்."

"கை தெரியாமப் போச்சுங்க."

நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். தாள் நெஞ்சில் உறுத்தியது. இவர் இப்போது என் பக்கம் பார்ப்பார், பார்த்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. மூன்று தேருக்கு அவர் வடம் தொடக் கூடாது, அவர் வீட்டு முதல் கையை அவர் பங்காளி பிடிக்கட்டும் என்று தீர்ப்பானது. அவர் துண்டை இடுப்பில் கட்டி, கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் அப்பாவும் அவர் தாத்தாவும் பிடித்த இடம் அது.

அன்றைய என் நாட்குறிப்பில் மழை இல்லை என்றும், கூட்டம் ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பத்தேகாலுக்கு முடிந்தது என்றும் எழுதியிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து, லீவு போட்டுவிட்டு மீமிசல் போனேன். கடற்கரைப் பக்கம், மீன் இறங்கும் இடத்தைத் தாண்டிப் பட்டறை. பட்டறைக்காரர் என்னைக் கண்டதும் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டார். வளைந்துபோன தண்டை நிமிர்த்தி மறுபடி மாட்டியிருந்தார். தரையில் கிடத்தி இயக்கிக் காட்டினார்.

பம்பின் பக்கத்தில் சாண் நீளக் கைப்பிடி ஒன்று. அதை ஒரு பக்கம் திருப்பி அடித்தால் எண்ணெய் கீழ்க் குழாய் வழியாகப் போய்த் தண்டை வெளியே தள்ளுகிறது. மறு பக்கம் திருப்பி அடித்தால் மேல் குழாய் வழியாகப் போய்த் தண்டை உள்ளே தள்ளுகிறது. கீழே இருந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. திருப்பி அடிக்காதவரை எவ்வளவு பாரம் அமுக்கினாலும் தண்டு அசையாது; கீழே இருக்கும் எண்ணெய்க்கு வெளியே போக வழி இல்லை. குப்பி ஜாக்கி அப்படி அல்ல. அதில் எண்ணெய் ஒரு பக்கம் மட்டுமே தள்ளும். ஏறுவது நம் கையால், இறங்குவது பாரத்தால்.

"இதுல பாரத்துக்கு வேலையே இல்லைங்க," என்றார் பட்டறைக்காரர். "ஏத்தறதும் நாமதான், எறக்கறதும் நாமதான். மச்சான்கிட்ட சொன்னேனே."

"சொன்னாரு," என்றேன். "நான்தான் வேண்டாம்னேன்."

அவர் பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிலிண்டரைச் சாக்கால் துடைக்கத் தொடங்கினார். டீ சாப்பிடுகிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் திருமயத்தில் இறங்கித் தச்சரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டிருந்தார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்து வைத்து, இடது கையால் உளி தீட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வகைச் சிலிண்டர், இரண்டு குழாய், நான் எழுதிய வரி. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நான் மரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார் கடைசியில். "இரும்பை நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்கனு நெனச்சேன்."

"தப்பு என்னோடதுதாங்க."

"என்கிட்ட வந்து சொல்றீங்க. வெரலை வச்சு நான் தீர்ப்புச் சொல்லப் போறதில்லை. தீர்ப்புச் சொன்னவுக கிட்டச் சொல்லுங்க."

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குப் போனேன், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லாமல் திரும்பினேன். சர்க்கார் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். ஊர் வேலைக்கு நான் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி இலாகாவில் யாரும் கேட்கப் போவதில்லை.

பங்குனியில் தேர் ஓடியது. நான் இரண்டாம் கரை. எங்கள் வடத்தில் என் இடத்தில் நின்றேன். புது அச்சு முனகாமல் சுழன்றது. கிழக்குத் தெரு முடிந்து தெற்குத் தெரு திரும்பும் இடத்தில் முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்தினார்கள். பானகம் கொடுத்தார்கள். கடலைக்காரர் எதிர்ப்பக்கம், ஒரு வேப்பமரத்தின் ஓரமாக, சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டி நின்றிருந்தார். வீட்டுக்குள் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வடம் நகரும்போதெல்லாம் அவரும் அதற்கு நேராக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடந்து வந்திருக்கிறார். அவர் கைகளைப் பின்னால் கட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வடத்தை விட்டுவிட்டு அம்பலத்திடம் போனேன். சட்டை போடாததால் தாளை மடியில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். எதற்கு அன்று காலையிலேயே அதை மடியில் வைத்துக்கொண்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. அம்பலம் தாளை ஒரு முறை தனக்குள் படித்தார். பிறகு பத்தாவது வரியைச் சத்தமாகப் படித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கடலைக்காரர் கேட்டதையும், நான் தாளில் இருக்கிறபடி செய்யச் சொன்னதையும் சொன்னேன்.

"அன்னைக்குக் கூட்டத்துல நீ நின்னுக்கிட்டுத்தானே இருந்தே?"

"ஆமாங்க."

"இந்தத் தாளு எங்க இருந்துச்சு?"

"என் பையிலங்க."

"ஏன், வேலைக்குக் கேடு வரும்னு பயமா?"

"இல்லைங்க. நான் எழுதினது தப்புனு ஊருக்குத் தெரிஞ்சிருமேனு."

அம்பலம் தேரைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்.

"ஊரு சொன்ன தீர்ப்பு இல்லைனு ஆகாது. மூணு தேருனு சொன்னா மூணு தேருதான். ஆனா அது போயிச் சேர வேண்டிய ஆளு மாறிப் போச்சு. நீ ஒதுங்கிக்க. அவரை வரச் சொல்லுங்கப்பா."

யாரோ போய்ச் சொன்னார்கள். கடலைக்காரர் வேப்பமரத்தடியிலிருந்து வந்தார். வரும்போது பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்தார். என்னைக் கடந்து போனபோது என்னைப் பார்த்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவர் பங்காளி நகர்ந்து இடம் விட்டார். அவர் குனிந்து மண்ணைத் தொட்டு, வடத்தின் நுனியைப் பிடித்தார். தேர் கிளம்பியது. நான் அந்த வேப்பமரத்தடிக்குப் போய் நின்றேன். பிறகு அவரைப் போலவே வடத்துக்கு நேராக நடந்தேன். கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தத் தேரின் மிச்ச ஓட்டத்தையும் சேர்த்து மூன்று தேர் ஒதுங்கி நின்றேன். தாளை அம்பலம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு பலர் என்னிடம் கேட்டு வந்தார்கள். அறுபதுகளில் எண்ணெய் ஆலைக்காரர்கள் பிழியும் இயந்திரத்துக்கு என்ன சிலிண்டர் வாங்கலாம் என்று கேட்டார்கள். கல் குவாரிக்காரர்கள் சாய்ந்து கொட்டும் லாரிக்குக் கேட்டார்கள். பாரம், நீளம், உயரம் என்ற பழைய மூன்று கேள்விகளுக்கு முன்னால் நான் இப்போது வேறொன்று கேட்கிறேன். வேலை முடிந்ததும் தண்டு எதனால் திரும்பும்? தன் பாரத்தாலா, உள்ளே இருக்கும் சுருள்வில்லாலா, எண்ணெயாலா? லாரியின் தொட்டி காலியானதும் தன் கனத்திலேயே உட்கார்ந்துவிடும். அங்கே ஒரு பக்கம் மட்டும் தள்ளும் சிலிண்டர் போதும். தள்ளவும் இழுக்கவும் வேண்டுமானால் இரண்டு குழாய் வேண்டும். ஆனால் இரண்டு குழாய் உள்ளதைப் பாரம் இறக்கும் என்று நம்பி ஒருவன் கையில் கொடுக்கக் கூடாது. வாங்க வருபவர்கள் சிலர் பொறுமை இழப்பார்கள். "தூக்குமா, தூக்காதா, அதைச் சொல்லுங்க," என்பார்கள். நான் எழுதி முடிக்கும்வரை உட்கார வைப்பேன்.

நான் மறுபடி வடம் தொட்ட வருஷம், முன் அச்சையும் மாற்ற வேண்டி வந்தது. அதே திருமயத்துத் தச்சர் வந்தார். மூன்று விரலால் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலைப் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தார். மறுபடி கரைக்கு ஒரு ஜாக்கி. நான்காம் கரை மறுபடி அதே மீமிசல் சிலிண்டரைத்தான் கொண்டுவந்தது. வேறு வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னேன். கடலைக்காரர் ஒப்பவில்லை.

"எதுக்குத் தம்பி? அது மேல தப்பு ஒண்ணும் இல்லையே."

இந்த முறை நான்கு மூலைக்கும் ஒரே தாள் எழுதவில்லை. நான்காம் மூலைக்குத் தனித் தாள். ஏற்றுவதற்கு ஒன்பது வரி, இறக்குவதற்குப் பதினொன்று. தூக்குவதற்கு முன், காலியாக, நான்கு ஜாக்கியையும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். எது இறங்கும்போதும் நான் நோட்டில் குனிந்திருக்கவில்லை. கால் அங்குலம் இறக்கியதும் நிறுத்தி, நான்கு மூலையிலும் அளந்து, தச்சர் கையை எடுத்துவிட்டேன் என்று வாயால் சொன்ன பிறகே அடுத்த கால் அங்குலம் என்று எழுதினேன். மேளக்காரர் என் கையைப் பார்த்தபடி நின்று அடிக்க ஒப்புக்கொண்டார்.

இறக்கும் நாள் காலை, கடலைக்காரர் தன் மூலையில் கைப்பிடியின் பக்கத்தில் குந்தியிருந்தார். தாளை என்னிடம் நீட்டினார்.

"படிங்க தம்பி. எனக்கு எழுத்துக் கூட்டறதுக்குள்ள பொழுது போயிரும்."

முதல் வரியிலிருந்து தொடங்கினேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஏறறது கெடக்கட்டும். எறங்கறதைப் படிங்க."

பதினொரு வரிகளையும் படித்தேன். முன் சக்கரத்தின் பக்கம் தச்சரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். படித்து முடித்தேன்.

"இன்னொரு தடவை," என்றார் கடலைக்காரர்.

மறுபடி படித்தேன்.